காது பழகிய கதை

காதுத் துளைக்குள் செருகிக் கொள்ளும் புதிய இயர்போனை வாங்கியவர்களிடம் முதல் நாளே கேட்டுப் பாருங்கள். "பாட்டு ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது" என்பார் ஒருவர். "சத்தம் கூசுகிறது, ஊசி குத்துவது போல் இருக்கிறது" என்பார் மற்றொருவர். அதே மனிதரைப் பதினைந்து நாள் கழித்துக் கேட்டால், "இப்போது நன்றாக இருக்கிறது, கருவி பழகிவிட்டது" என்று சொல்வார். பழைய இயர்போனை எடுத்துப் போட்டுக் கொண்டால், அதுதான் இப்போது கோளாறாகத் தோன்றும்!

இந்தப் பதினைந்து நாளில் மாறியது எது? கருவியா, காதா? விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்விக்குள் ஒலி இயலும், உடலியலும், உளவியலும் சேர்ந்து கிடக்கின்றன. இதற்கு ஒரு வரலாறும் உண்டு. அவ்வரலாற்றின் சுவையான பகுதி ஒன்று நம் செட்டிநாட்டிலேயே, காரைக்குடியில் நடந்தது.

ஒலி விற்ற கடை

காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் என்பவர் ஏ. வி. அண்ட் சன்ஸ் என்னும் கடையை நடத்தி வந்தார். பல சாமான்களோடு கிராமபோன் இசைத்தட்டுகளும் அங்கே விற்றன. அவருடைய மகன் மெய்யப்பன் 1907-ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலேயே கடையில் உட்கார்ந்த அவருக்கு, பிறர் தயாரித்த தட்டுகளை வாங்கி விற்பதை விட, நாமே பாடகர்களைப் பாட வைத்துத் தட்டு வெளியிட்டால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஓடியன் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் சின்னத்தோடு அவர்களுடைய தட்டுகள் வெளிவந்தன. பின்னாளில் ஏவி. எம். என்ற மூன்று எழுத்துகளால் நாடெங்கும் அறியப்பட்டவர் இவரே.

படத்துறைக்கு வருமுன் அவர் ஒலி வாணிகர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எந்தக் குரல் தட்டில் எடுபடும், எது எடுபடாது, மக்கள் எதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள் என்று கணிப்பதே அவருடைய பிழைப்பு. அத்தகைய காது பிற்காலத்தில் என்ன செய்தது என்பதைப் பின்னர்க் காண்போம். அதற்கு முன், அந்தத் தட்டுகள் எவ்வாறு ஒலித்தன என்று தெரிந்துகொள்வோம்.

குழலின் முன் பாடிய காலம்

இந்தியாவில் முதன்முதலாகப் பெரிய அளவில் இசைத்தட்டுப் பதிவு நடந்தது 1902-ஆம் ஆண்டின் இறுதியில், கல்கத்தாவில். லண்டனிலிருந்து வந்த பிரெட் கைஸ்பர்க் என்பவர் கௌஹர் ஜான் முதலிய கலைஞர்களைப் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது; மின்சாரத்துக்கும் அங்கே வேலை இல்லை. பாடகர் ஒரு பெரிய குழலின் வாய்க்கு நேரே நின்று உரக்கப் பாட வேண்டும். குழலின் மறுமுனையில் உள்ள மெல்லிய தகடு அதிரும். அதனோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகில் அந்த அதிர்வைக் கோடாகக் கீறும். பாட்டு மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்க வல்லது. அந்தக் குழலோ சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து இரண்டாயிரத்தைச் சற்றுக் கடந்த அளவு வரைதான் பிடித்தது. மிருதங்கத்தின் இடப்பக்கமாகிய தொப்பியின் கும்மென்ற ஒலி அதில் விழாது. தாளத்தின் கலீரென்ற மேல் ஒலியும் விழாது. ஆயினும் மக்கள் கேட்டார்கள், கேட்டு மகிழ்ந்தார்கள். எப்படி?

காது வெறும் ஒலிவாங்கி அன்று. வந்து சேராத ஒலியை அது ஊகித்துக்கொள்ளும். ஒரு சுரத்தின் அடிப்படை அதிர்வெண் 100 என்று வைத்துக்கொள்வோம். அத்துடன் 200, 300, 400 என்று மடங்கு அதிர்வுகளும் பிறக்கும். அடிப்படையாகிய 100-ஐ நீக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் ஒலிக்கச் செய்தாலும், நாம் கேட்கும் சுரம் 100-க்கு உரியதாகவே இருக்கும். 1841-ஆம் ஆண்டில் சீபெக் என்னும் ஜெர்மானிய அறிஞர் துளையிட்ட தட்டுகளைச் சுழற்றி இதைக் கண்டறிந்தார். ஸ்கௌட்டன் என்னும் டச்சு அறிஞர் 1940-ஐ ஒட்டி இதை மீண்டும் விரிவாக ஆராய்ந்தார். பழைய தொலைபேசியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வராது. ஆண்களின் பேச்சுக்குரலின் அடிப்படையோ 100 ஹெர்ட்ஸை ஒட்டியது. இருந்தும், தொலைபேசியில் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே கேட்டது அல்லவா? இல்லாத அடித்தளத்தை மூளை தானே கட்டிக்கொண்டது.

மூளையின் இந்தக் கைவண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான சான்று உண்டு. எடிசனின் நிறுவனம் 1915 முதல் பத்தாண்டுக் காலம் ஊர் ஊராக ஒரு நிகழ்ச்சியை நடத்தியது. மேடையில் ஒரு பாடகியும் ஒரு ஒலிப்பெட்டியும் இருப்பார்கள். பாடகி பாடிக்கொண்டே இருக்கையில் நடுவில் வாயை மூடிக்கொள்வார். பெட்டி பாட்டைத் தொடரும். விளக்கையும் அணைத்துவிடுவார்கள். எது பெண், எது பெட்டி என்று கூட்டத்தால் கூற இயலவில்லை எனப் பத்திரிகைகள் எழுதின. பெட்டியின் குரலுக்கு ஒத்துப்போகும்படி பாடகியரே தம் குரலை அடக்கிப் பாடியதும் இதற்கு ஒரு காரணம் என்பது பிறகு தெரிய வந்தது. ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. அக்காலத்துக் காதுக்கு, இயந்திர ஒலி என்றால் அதுதான். அதைவிட நல்லதை அது கேட்டதே இல்லை.

நல்லது வந்தபோது எழுந்த முணுமுணுப்பு

1925-ஆம் ஆண்டில் மின்முறைப் பதிவு வந்தது. குழல் போய் மைக் வந்தது. மேலே 5,000 ஹெர்ட்ஸ் வரையும், கீழே 100 ஹெர்ட்ஸ் வரையும் ஒலி தட்டில் ஏறியது. அளவுகோலால் அளந்தால் ஒலி பல மடங்கு உண்மைக்கு நெருங்கி வந்திருந்தது. எல்லோரும் கொண்டாடியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. பலருக்கு அது கரடுமுரடாகவும் இரைச்சலாகவும் கேட்டது. லண்டனில் கிராமபோன் என்னும் பெயரிலேயே 1923-இல் ஓர் இதழைத் தொடங்கி நடத்தி வந்த காம்ப்டன் மெக்கன்சி என்னும் எழுத்தாளர், புதிய முறையின் தொடக்கத் தட்டுகளைக் கடுமையாகக் குறை கூறினார். சில ஆண்டுகளில் அந்த முணுமுணுப்பு அடங்கியது. பின்னர் பழைய குழல் தட்டைப் போட்டால், அதுவே தகரடப்பாவாகக் கேட்டது.

இன்று புதிய இயர்போன் வாங்கியவருக்குப் பதினைந்து நாளில் நடப்பது, அன்று ஒரு தலைமுறைக்குச் சில ஆண்டுகளில் நடந்தது.

நம் நாட்டு இசையரங்கிலும் இதே கதைதான். காரைக்குடியை அடுத்த அரியக்குடியில் 1890-இல் பிறந்த இராமானுஜ ஐயங்கார் மைக் இல்லாத கச்சேரியில் தொடங்கி, மைக்கும் வானொலியும் வந்த பின்னும் பாடியவர். அவருடைய வாழ்நாளுக்குள்ளேயே, குரல் எட்டுவதற்காகக் கத்திப் பாட வேண்டியிருந்த நிலை மாறியது. காரைக்குடி சகோதரர்கள் என்று புகழ்பெற்ற சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வாசித்த வீணை இயல்பாகவே மெல்லிய ஒலி உடையது. அதைக் கேட்க வேண்டுமானால் சபை அடங்க வேண்டும். காது குவிய வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பழகிய இன்றைய காது அதே வீணையை நேரில் கேட்டால், "சத்தம் போதவில்லையே" என்று முதல் கால் மணி நேரம் தவிக்கும். பிறகு தானே நெகிழ்ந்து கொடுக்கும்.

இரவல் குரல்

பேசும் படம் வந்தபோது நடிப்பவர்களே பாடினார்கள். 1935-இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் நிறுவனம், பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் படம்பிடிக்கும் முறையைக் கையாண்டது. 1938-இல் ஏவி. எம். தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் இம்முறை தமிழுக்கு வந்தது. நடித்தவர் ஒருவர், பாடியவர் லலிதா வெங்கட்ராமன். இதை அக்காலத்தில் 'இரவல் குரல்' என்றார்கள். அந்தப் பெயரிலேயே ஒரு தயக்கம் ஒலிக்கிறது. 1943-இல் கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா' படத்துக்கு மறு ஆண்டு தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டதும் அவரே. உதடு கன்னடம் பேச, காதில் தமிழ் விழுந்தது!

இவற்றைக் காது ஏற்றுக்கொண்டது எவ்வாறு? கண்ணின் உதவியால்தான். திரையரங்கில் ஒலிபெருக்கி இருப்பது ஓரிடம். நடிகரின் வாய் தெரிவது வேறிடம். எனினும் குரல் அந்த வாயிலிருந்தே வருவதாக உணர்கிறோம். பொம்மையைப் பேச வைக்கும் வித்தைக்காரர் பிழைப்பதும் இந்த மயக்கத்தால்தான். கண்ணும் காதும் முரண்படும்போது, 'எங்கிருந்து' என்ற கேள்விக்கு மூளை பெரும்பாலும் கண் சொல்வதையே நம்புகிறது.

ஆனால் எல்லா முரண்பாட்டையும் காது பொறுத்துக்கொள்ளாது. 1945-இல் வெளியான 'ஸ்ரீவள்ளி' இதற்கு எடுத்துக்காட்டு. முருகனாக நடித்த டி. ஆர். மகாலிங்கம் உச்சத் தொனியில் பாடுபவர். வள்ளியாக நடித்த குமாரி ருக்மணியும் தம் பாட்டைத் தாமே பாடினார். படம் முடிந்த பிறகு கேட்டுப் பார்த்த தயாரிப்பாளருக்கு இரண்டு குரல்களும் இணையவில்லை என்று பட்டது. பி. ஏ. பெரியநாயகியை அழைத்து, திரையில் ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்த உதடுகளுக்குப் பொருந்தும்படி பாடச் செய்து, ஒலியை மாற்றினார். இசைத்தட்டு வாணிகத்தில் தேறிய காது செய்த வேலை இது. படம் பெருவெற்றி பெற்றது.

போர்க்காலத்தில் சென்னையில் மின் இணைப்புப் பெறுவது அரிதாக இருந்தது. ஆகவே சொந்த ஊரான காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில், கூரைக் கொட்டகைகளைப் போட்டு ஏவி. எம். தம் ஸ்டூடியோவை அமைத்தார். அங்கே உருவான 'நாம் இருவர்' 1947-ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி வெளிவந்தது. சிறுமி கமலா ஆடினார். பாரதியின் பாடல்களை டி. கே. பட்டம்மாள் பாடினார். அதற்குள் இரவல் குரல் யாருக்கும் இரவலாகத் தோன்றவில்லை. 1938-இல் புதுமையாக இருந்தது ஒன்பதே ஆண்டுகளில் இயல்பாகிவிட்டது. 1948-இல் ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்குப் பெயர்ந்தது.

எது நல்ல ஒலி?

காரைக்குடியில் கொட்டகை எழுந்த அதே ஆண்டுகளில், அமெரிக்காவில் பொறியியலாளர்களிடையே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1945-இல் சின், ஐசன்பெர்க் என்னும் இருவர் வானொலி நேயர்கள் பலருக்கு இருவகை ஒலியைக் கேட்பித்தார்கள். ஒன்று மேல் கீழ் ஒலிகள் வெட்டப்பட்ட குறுகிய ஒலி. மற்றொன்று முழு ஒலி. பெரும்பாலோர் குறுகிய ஒலியையே விரும்பினர்! அப்படியானால் நல்ல கருவி செய்வதே வீண்தானா?

ஹாரி ஓல்சன் என்பவர் இதை நம்பவில்லை. 1947-இல் அவர் ஒரு சோதனை செய்தார். ஒலிபெருக்கியே இல்லாமல், ஒரு சிறிய இசைக்குழுவை நேரில் வாசிக்கச் செய்தார். குழுவுக்கும் கேட்போருக்கும் இடையே ஒலியை வடிகட்டும் தடுப்புகளை நிறுத்தினார். தடுப்பு திறந்திருந்தால் முழு ஒலி. மூடினால் குறுகிய ஒலி. எல்லாவற்றையும் ஒரு திரை மறைத்திருந்தது. இப்போது பெரும்பாலோர் முழு ஒலியையே விரும்பினர். முதல் சோதனையில் மக்கள் வெறுத்தது முழு ஒலியை அன்று. கருவிகள் முழு ஒலியோடு சேர்த்துக் கொண்டுவந்த சிதைவையே வெறுத்திருக்க வேண்டும் என்பது ஓல்சனின் முடிவு.

மூன்றாவது சாட்சி 1956-இல் வந்தது. கிர்க் என்னும் உளவியலார் கல்லூரி மாணவர்களைப் பிரித்து, சிலரைக் குறுகிய ஒலியிலும் சிலரை அகன்ற ஒலியிலும் ஆறரை வாரம் தொடர்ந்து இசை கேட்கச் செய்தார். முடிவில், எதைக் கேட்டுப் பழகினார்களோ அதன் பக்கமே அவர்களுடைய விருப்பம் சாய்ந்திருந்தது.

ஓல்சனும் கிர்க்கும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஓர் உண்மை கிடைக்கிறது. நல்ல ஒலி, கெட்ட ஒலி என்ற வேறுபாடு பொய் அன்று. ஆனால் 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்பது அந்த வேறுபாட்டை மட்டும் அளப்பதில்லை. பழக்கத்தையும் சேர்த்தே அளக்கிறது.

மடலும் துளையும்

இனி இயர்போனுக்கு வருவோம். காதுக்குள் செருகும் கருவி, மற்ற எதைக் காட்டிலும் காதைக் குழப்புவது ஏன்?

நம் காது மடலின் மடிப்புகள் அழகுக்காக அமைந்தவை அல்ல. மேலிருந்து வரும் ஒலியும் எதிரிலிருந்து வரும் ஒலியும் அம்மடிப்புகளில் வெவ்வேறு விதமாகத் தெறித்து உள்ளே செல்கின்றன. அந்த நுட்பமான மாற்றத்தைக் கொண்டுதான் ஒலி மேலிருந்தா, கீழிருந்தா என்று மூளை அறிகிறது. கைரேகையைப் போல ஒவ்வொருவர் மடலும் வேறு. மடலைத் தாண்டினால் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள துளை. அதன் ஒரு முனை திறந்தது. மறுமுனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது. ஒரு முனை மூடிய குழாயில், நீளத்தைப்போல் நான்கு மடங்கு அலைநீளமுள்ள ஒலி மிகுந்து ஒலிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். அதை 10 சென்டிமீட்டரால் வகுத்தால் 3,400 ஹெர்ட்ஸ். காதுத் துளை கண்ணாடிக் குழாய் அன்று. ஆதலால் உண்மையில் ஒத்ததிர்வு 3,000 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே நிகழ்கிறது. பேச்சின் தெளிவுக்கு வேண்டிய பகுதி அது. பிறந்தது முதல் இந்த மிகைப்பை நாம் கேட்டே வளர்ந்திருப்பதால் அது மிகையாகத் தோன்றுவதில்லை.

இயர்போனைச் செருகியவுடன் மூன்று காரியங்கள் நடக்கின்றன. மடலுக்கு வேலை போய்விடுகிறது; ஆகவே பாட்டு வெளியே ஒலிக்காமல் தலைக்குள்ளேயே ஒலிப்பது போலிருக்கிறது. திறந்திருந்த துளை இருபுறமும் மூடப்படுகிறது; ஆகவே அதன் இயல்பான ஒத்ததிர்வு குலைகிறது. அதைக் கருவியே ஈடு செய்தாக வேண்டும். எந்த அளவு ஈடு செய்வது என்பதில் தயாரிப்பாளர்கள் வேறுபடுவதால்தான் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கிறது. மூன்றாவதாக, ரப்பர் முனை துளையில் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்பதைப் பொறுத்து அடி ஒலி மாறுகிறது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் தொப்பியின் கும்மென்ற ஒலி அதன் வழியே ஒழுகிப் போய்விடும்.

அப்படியானால் மூளை பழகுவது இயலுமா? 1998-இல் நெதர்லாந்து நாட்டில் ஹாஃப்மன் என்பவரும் அவருடைய துணைவர்களும் இதை நேராகவே சோதித்தார்கள். நால்வரின் காது மடல்களில் சிறு வார்ப்புகளைப் பொருத்தி, மடலின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். உடனே அவர்களுக்கு ஒலி மேலா கீழா என்று தெரியாமல் போயிற்று. வார்ப்பைக் கழற்றாமல் அன்றாட வேலைகளைச் செய்து வந்தனர். சில வாரங்களில், புதிய மடலோடு மேலும் கீழும் அறியும் திறன் திரும்பியது. அதைவிட வியப்பானது பின்னர் நடந்தது. வார்ப்பைக் கழற்றியதும், பழைய காதோடு கேட்பதில் அவர்களுக்குத் தடுமாற்றமே இல்லை. புதிய மொழி கற்றவர் தாய்மொழியை மறக்காதது போல, மூளை இரண்டு காதுகளையும் கற்று வைத்துக்கொண்டது.

தலையிலிருந்து துளைக்குள்

காதருகே ஒலி கேட்கும் கருவி நம் காலத்துப் புதுமை அன்று. 1881-இல் பாரிஸ் நகரக் கண்காட்சியில் கிளெமென்ட் ஆடர் என்பவர், இசை நாடக அரங்கின் ஒலியைத் தொலைபேசிக் கம்பி வழியே கொண்டுவந்து, காதுக்கொன்றாக இரு கருவிகளில் கேட்கச் செய்தார். 1891-இல் எர்னஸ்ட் மெர்காடியர் என்னும் பிரெஞ்சுப் பொறியியலார் காதுத் துளையில் பொருந்தும் சிறிய இரட்டைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய இயர்போனின் பாட்டனார் அதுவே. 1910-இல் நத்தானியேல் பால்ட்வின் தலையில் மாட்டும் ஹெட்போனை அமெரிக்கக் கடற்படைக்குச் செய்து கொடுத்தார்.

சென்னையில் 1924-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று, சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முதலானோர் அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்தக் காலத்து எளிய படிக வானொலிப் பெட்டிக்கு ஒலிபெருக்கியை இயக்கும் வலு இல்லை. தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் அதில் கேட்க வேண்டும். 1979-இல் சோனி நிறுவனத்தின் வாக்மன் வந்து, நடந்துகொண்டே கேட்கும் பழக்கத்தைப் பரப்பியது. 1991-இல் மீட் கில்லியன் என்னும் செவியியல் அறிஞர், காது கேளாதோருக்கான கருவிகளின் நுட்பத்தைக் கொண்டு, துளைக்குள் ஆழப் பொருந்தும் உயர்தர இயர்போனை உருவாக்கினார். அதில் அவர் குறியாகக் கொண்டது, இழந்த அந்த 3,000 ஹெர்ட்ஸ் மிகைப்பைக் கருவியால் திருப்பித் தருவதையே.

பழகுவது யார்?

'புதிய கருவியை ஐம்பது மணி நேரம், நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி கனிந்துவிடும்' என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அசையும் தகடும் அதன் விளிம்பும் உள்ள கருவிகளில் தொடக்கத்தில் சிறிது நெகிழ்வு ஏற்படலாம். அளந்து பார்த்தால் அந்த மாற்றம் மிகச் சிறியது. இயர்போனை எடுத்து மறுபடி செருகும்போது அது இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அமர்ந்தால் உண்டாகும் மாற்றம் அதைக் காட்டிலும் பெரியது. ஆகவே, பழகுவதில் பெரும் பங்கு நம்முடையதே. முனையைச் சரியாகப் பொருத்தக் கை கற்றுக்கொள்கிறது. புதிய ஒலியை இயல்பாகக் கொள்ள மூளை கற்றுக்கொள்கிறது.

மாணவர்கள் இதைத் தாமே சோதிக்கலாம். ஒரே வகை இயர்போன் இரண்டு வேண்டும். ஒன்று சில மாதம் பயன்பட்டது, மற்றொன்று புதியது. இரண்டுக்கும் ஒரே அளவுள்ள புதிய ரப்பர் முனைகளை மாட்டுங்கள். நண்பரின் கண்ணைக் கட்டி, ஒரே பாட்டை ஒரே அளவு சத்தத்தில் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்து, எது பழையது என்று சொல்லச் சொல்லுங்கள். எதை முதலில் தருவது என்பதை ஒவ்வொரு முறையும் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். இருபது முறையில் பத்துக்குப் பக்கமாகச் சரியாகச் சொன்னால், அவர் குருட்டாம்போக்கில் சொல்கிறார் என்று பொருள். பதினைந்துக்கு மேல் சரியாகச் சொன்னால், வேறுபாடு ஏதோ உண்மையில் இருக்கிறது.

இன்னொரு சோதனைக்குப் பாட்டே வேண்டாம். இரு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு 'ஈ' என்று இழுத்துச் சொல்லுங்கள். உங்கள் குரல் பானைக்குள் பேசுவது போல் முழங்கும். எலும்பின் வழியே துளைக்குள் புகும் உங்கள் சொந்தக் குரல், வழக்கமாக வாயில் வழியே வெளியேறிவிடும். இப்போது வாயில் அடைபட்டதால் உள்ளேயே தங்கிவிடுகிறது.

பழக்கத்தின் இரு முகங்கள்

பழகிக்கொள்ளும் ஆற்றல் நமக்குக் கிடைத்த பெருங்கொடை. அதில் ஒரு கேடும் ஒளிந்திருக்கிறது.

காது ஒலியின் நிறத்துக்குப் பழகுவதைப் போலவே, ஒலியின் அளவுக்கும் பழகும். பேருந்து இரைச்சலை மீறிக் கேட்க ஒரு நாள் சத்தத்தைக் கூட்டி வைத்தால், மறுநாள் அதுவே போதுமான அளவாகத் தோன்றும். ஒரு வாரத்தில் அதுவும் போதாது. முதலில் சொன்ன பழக்கம் மூளையின் கல்வி. இதுவோ பல நேரங்களில் காதின் களைப்பு. உட்செவியின் நத்தைக் கூட்டில் ஒவ்வொரு காதுக்கும் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் உள்ளன. பேரொலியால் அவை களைத்தால் சில மணி நேரம் காது மந்தமாகும், பிறகு தேறும். மீண்டும் மீண்டும் களைத்தால் செல்கள் மடியும். பறவைகளுக்கு அவை மீண்டும் முளைக்கின்றன, மனிதனுக்கு முளைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் தரும் அளவு இது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரமே. உலகில் நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் தகாத முறையில் ஒலி கேட்பதால் செவிப்புலனை இழக்கும் நிலையில் இருப்பதாகவும் அந்நிறுவனம் எச்சரிக்கிறது. துளையில் சரியாகப் பொருந்தும் முனை வெளி இரைச்சலைத் தடுக்கும். சத்தத்தைக் கூட்ட வேண்டிய தேவையே எழாது. பொருத்தம் சுவைக்கு மட்டுமன்று, காப்புக்கும் அதுவே வழி.

மற்றொரு முகமும் உண்டு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றில் இன்று இருப்பவர்கள் வயதானவர்களே. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஆசையோடு வாங்கி அனுப்பிய காது கேட்கும் கருவி பெட்டிக்குள்ளேயே உறங்குவதைப் பல வீடுகளில் காணலாம். "ஒரே இரைச்சல், பாத்திரம் உருட்டுகிற சத்தம் மண்டையைப் பிளக்கிறது" என்று ஐயாவோ அப்பத்தாவோ இரண்டே நாளில் கழற்றி வைத்திருப்பார்கள். கருவி கெட்டதென்று பிள்ளைகளும், காது போய்விட்டதென்று பெரியவர்களும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பெரும்பாலும் இரண்டும் தவறு. காது சிறிது சிறிதாக மந்தமான ஆண்டுகளில், மூளை அந்த அமைதிக்குப் பழகிவிட்டது. மேல் ஒலிகள் இல்லாத உலகமே அதற்கு இயல்பான உலகம். திடீரென்று கரண்டியின் ஒலியும், தாளின் சரசரப்பும், தன் காலடி ஓசையும் திரும்பி வரும்போது அது திகைக்கிறது. 1925-இல் புதிய தட்டைக் கேட்டவர்கள் திகைத்ததும் இவ்வாறுதான். சில வாரங்கள் பொறுத்தால் மூளை மறுபடியும் கற்றுக்கொள்ளும். முதலில் அமைதியான அறையில், ஒருவரோடு பேச மட்டும் நாளுக்கு ஒரு மணி நேரம். பின்னர் இரண்டு மணி. அதன் பிறகு கூடம், தெரு, கல்யாண வீடு என்று படிப்படியாகப் போக வேண்டும். வலியோ, சீழோ, சுற்றலோ இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். செவியியல் வல்லுநர் கருவியைத் திருத்தியமைக்க ஓரிரு முறை செல்லவும் நேரும்.

பதினைந்து வயதுப் பேரனுக்கு இயர்போனில் பதினைந்து நாளில் நடந்தது, எழுபத்தைந்து வயது அப்பத்தாவுக்கும் நடக்கும். நாள் மட்டும் சற்றுக் கூடும். பேரன் தன் கருவியில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, அப்பத்தாவின் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து பேசினால் போதும். இருவர் காதுகளும் பிழைக்கும்.